பத்துப் பேரில் மூன்று பேர்

சிவரூபி முதன்முதலாகக் கிளிநொச்சிக் கிளினிக்குக்கு வந்தபோது தன் நோயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கூட்டி வந்திருந்த நான்கு வயது மகளைத் திருப்பி நிறுத்தி, பிள்ளையின் பின்னலைக் காட்டினாள். பின்னல் பாதி அவிழ்ந்து கிடந்தது.

“காலமை நான் பின்னிவிட்டது டொக்டர். போன வருசம் நான் பின்னினா நேசறிப் பள்ளி விட்டு வருமட்டும் குலையாது. இப்ப பஸ் ஏற முதல் அவிழுது. விரல் இறுக்கிப் பிடிச்சிருக்கு எண்டுதான் நான் நினைக்கிறன். பாத்தா அது பிடிக்கேல்லை.”

மருத்துவ நிபுணர் தேனுகா அந்தக் கையை வாங்கிப் பார்த்தாள். கட்டைவிரலின் அடியில் சதை வற்றியிருந்தது. விரல்களை விரிக்கச் சொன்னபோது சின்னவிரல் மட்டும் சொல் கேட்கவில்லை. முழங்காலில் மெல்லத் தட்டினாள்; கால் தேவைக்கு மேல் உதறியது. கையில் தொடங்கிய குறை காலுக்கும் இறங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். தலைமயிரை ஒதுக்கிவிட்டுக் கழுத்தின் பின்பக்கத்தைப் பார்த்தாள். சுருங்கிய தோலாக ஒரு பழைய தழும்பு.

“இது என்ன?”

“செல் துண்டு. இரண்டாயிரத்து ஒன்பதிலை, கடைசிச் சண்டையிலை பட்டது. எனக்கு அப்ப ஒன்பது வயது. துண்டு இன்னும் உள்ளுக்கை இருக்குதெண்டு அம்மா சொல்லுறவா. ஒருநாளும் அது எனக்கு ஒண்டும் செய்யேல்லை.”

ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷினில் இருந்தவள் சிவரூபி. கை சரிவராமல் போகத் தொடங்கியதும் வேலையை விட்டுவிட்டாள். இப்போது ஸ்கந்தபுரத்தில், தாய் சிவலட்சுமியின் காணியில், கணவன் ஜனகனோடு மிளகாய் போட்டிருந்தாள். மிளகாய் ஆய்வதற்குக்கூட விரல் ஒத்துழைக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு எதையும் சிரித்துக்கொண்டே சொல்லும் பழக்கம் இருந்தது. அந்தச் சிரிப்பைக் கண்டு நோய் சிறியது என்று நினைத்துவிடக் கூடாது என்று தேனுகா தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

எக்ஸ்ரே படத்தில், எலும்பை விட வெள்ளையாக, புளியங்கொட்டை அளவில் ஒரு துண்டு தெரிந்தது. கழுத்து முள்ளந்தண்டுக்குள், நரம்புத்தண்டு போகும் பாதையின் ஓரத்தில் அது இருந்தது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. நரம்பின் நிலையைத் தெளிவாகக் காட்டக்கூடியது எம்.ஆர்.ஐ. கருவி. அது காந்தத்தில் இயங்குவது. உள்ளே இரும்பு இருப்பவரை அதற்குள் விட்டால் இரும்பு அசையும். சி.ரி. ஸ்கான் எடுத்தார்கள். இரும்பில் பட்ட கதிர்கள் நாலாபக்கமும் சிதறி, பார்க்கவேண்டிய இடத்தையே வெள்ளைக் கீற்றுகளால் மறைத்துவிட்டன. துண்டு நரம்பை அழுத்துகிறதா, அதைச் சுற்றி வளர்ந்த தழும்பு அழுத்துகிறதா, பக்கத்தில் ஓடும் இரத்தக்குழாயோடு ஒட்டிக்கிடக்கிறதா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல எவராலும் முடியவில்லை.

தேனுகா கட்டுரைகளைத் தேடினாள். சண்டையில் காயப்பட்ட வெளிநாட்டுச் சிப்பாய்களைப் பற்றிச் சில குறிப்புகள் இருந்தன. வளர்ந்த ஆண்கள், காயப்பட்ட உடனேயே சத்திரசிகிச்சைக்குப் போனவர்கள். ஒன்பது வயதில் காயப்பட்டு, இரும்போடு வளர்ந்து, பிள்ளை பெற்று, பதினைந்து வருடத்துக்குப் பிறகு கை சோர்ந்துபோன ஒரு பெண்ணைப் பற்றி அவள் கண்ட எந்தக் கட்டுரையிலும் ஒரு வரி இல்லை. வன்னியில் இப்படி உடம்புக்குள் இரும்போடு நடமாடுகிறவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கும் அவளுக்குக் கிடைக்கவில்லை. இடம்பெயர்ந்த ஆஸ்பத்திரிகளின் பதிவுகள் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டன.

வெட்டி எடுப்பதா, விடுவதா? எடுத்தால் என்ன நடக்கும், விட்டால் என்ன நடக்கும்? சொல்வதற்கு ஆதாரம் இல்லை. சொல்லாமல் இருக்கவும் முடியாது. ஒவ்வொரு மாதமும் சிவரூபியின் நடை கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வந்தது.

ஆதாரம் இல்லாத இடத்தில் அனுபவம் உள்ளவர்களிடம் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. மேற்படிப்புக்காக வெளிநாட்டில் இருந்தபோது தேனுகா அதைப் பழகியிருந்தாள். எல்லாரையும் ஒன்றாக இருத்திக் கேட்டால், வயதில் மூத்தவர் சொன்னதற்கு மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். ஆகவே முதலில் ஆளாளுக்குத் தனியாகக் கேட்கவேண்டும். இப்படிப் பத்துப் பேர் இருந்தால் எத்தனை பேருக்குக் கெடுதல் வரும்? குறைந்தது எத்தனை, கூடினால் எத்தனை? அதன் பிறகுதான் எல்லாரும் கூடி, தாங்கள் ஏன் அப்படி நினைத்தார்கள் என்று பேசவேண்டும். பேசிய பிறகு மறுபடியும் தனித்தனியாகச் சொல்லவேண்டும்.

நான்கு பேரைத் தேனுகா கேட்டாள். கொழும்பில் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்த குகதாசன் முதல் ஆள். வெட்டுவதென்றால் அவர்தான் வெட்டவேண்டும். ஸ்கான் படங்களை வாசிக்கும் கதிரியக்க நிபுணர் ஒருவர். வேறு நாடுகளில் போர்க்காயக்காரர்களுக்குச் சிகிச்சை செய்த வெளிநாட்டு வைத்தியர் ஒருவர். நான்காவது ஆள் தில்லைநாதன். யுத்த காலம் முழுவதும் வன்னியில் சத்திரசிகிச்சை செய்தவர், இப்போது ஓய்வுபெற்று வவுனியாவில் இருப்பவர்.

மற்ற மூவரும் தங்கள் கணிப்பை அனுப்பினார்கள். தில்லைநாதன் மட்டும் தொலைபேசியில், “படத்தைப் பாத்து என்னாலை சொல்ல ஏலாது பிள்ளை. நான் வந்து ஆளைப் பாக்கவேணும்,” என்றார். அடுத்த கிளினிக் நாளன்று பஸ் ஏறிக் கிளிநொச்சிக்கு வந்து இறங்கினார்.

அவர் சிவரூபியை நடக்கவிட்டார். கண்ணை மூடி நிற்கவிட்டார். கழுத்துத் தழும்பை விரலால் தடவி, தலையை இரண்டு பக்கமும் மெல்லத் திருப்பிப் பார்த்தார். மூலைக் கதிரையில் பேர்த்தியை மடியில் வைத்துக்கொண்டு இருந்த சிவலட்சுமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிறுமியாக மலைநாட்டிலிருந்து தாய்தகப்பனோடு வன்னிக்கு வந்தவள் அவள். இத்தனை காலத்துக்குப் பிறகும் அந்த ஊர்ப் பேச்சு அவளை விட்டுப் போகவில்லை.

“ஐயா, நீங்கதானே அன்னைக்கு இவளைப் பாத்தது?” என்றாள்.

தில்லைநாதன் திரும்பினார்.

“ஆஸ்பத்திரியா இருந்த பள்ளிக்கூடத்துல, மேசை மேல போட்டு. ரத்தத்தத் தொடச்சிட்டு, கை கால ஆட்டச் சொன்னீங்க. ஆட்டுனா. இரும்பு உள்ள இருக்கு, இப்ப தோண்டினா புள்ள போயிரும், அப்படியே விடுவம்னு சொன்னீங்க. இவ பொழைப்பான்னு கேட்டேன். பொழைப்பான்னு சொன்னீங்க.”

அவர் சிவரூபியின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். “எனக்கு நினைவில்லை அம்மா,” என்றார் கடைசியில். “அண்டைக்கு எத்தினையோ பேர்.”

“எனக்கு இருக்குங்க. நீங்க சொன்னபடி புள்ள பொழைச்சா. இப்பவும் நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்றதக் கேட்டுக்கிறோம்.”

“அப்பிடி என்னை நம்பக் கூடாது, அம்மா,” என்றார் தில்லைநாதன். குரல் கடுமையாக வந்தது. பிறகு அதைத் தணித்துக்கொண்டார். “அண்டைக்குப் பிழைப்பாள் எண்டு நான் சொன்னது தெரிஞ்சு சொன்னதில்லை. என்னட்ட லைட் இல்லை, மருந்து இல்லை, படம் இல்லை. நீங்கள் கேட்டீங்கள், நான் ஒண்டு சொல்லவேண்டியிருந்தது.”

சிவலட்சுமி தலையை ஆட்டினாள். ஆனால் அவர் சொன்னது அவளுக்குள் போகவில்லை என்பது தேனுகாவுக்குத் தெரிந்தது. பதினைந்து வருடமாக அவள் கண்ணெதிரே நடமாடிய மகள், அந்த மனிதரின் வாய்ச்சொல்லுக்குச் சாட்சியாக அங்கே நின்றாள்.

நால்வரும் கணினித் திரையில் கூடியபோது, தேனுகா கணிப்புகளை எல்லாருக்கும் காட்டினாள். சத்திரசிகிச்சையில் சாவோ முழு வாதமோ வரக்கூடியவர்கள் பத்துக்கு ஒருவர் என்று குகதாசன் சொல்லியிருந்தார். ஆளைப் பார்த்துவிட்டுப் போன தில்லைநாதன் பத்துக்கு ஐந்து என்று சொல்லியிருந்தார். மற்ற இருவரும் இடையில் நின்றார்கள்.

“ஐயா, ஐந்து எண்டு எதை வைச்சுச் சொல்லுறீங்கள்?” என்று குகதாசன் மரியாதையோடு கேட்டார்.

“என்ரை கையிலை செத்தவையை வைச்சு. ஆனா அது சரியான கணக்கில்லை, தம்பி. உங்களிட்ட இருக்கிற மைக்ரோஸ்கோப்போ ஐ.சி.யூ.வோ என்னட்ட இருக்கேல்லை. நிலத்திலை பாய் விரிச்சு ஒப்பரேசன் செய்தனாங்கள். அதாலை உங்கட கையிலை அது குறையும். இன்னொண்டு. நான் வெட்டாமல் அனுப்பின ஆக்கள் சுகமாயிருக்கினமோ செத்திட்டினமோ எண்டு எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவையை மட்டும்தான் நான் கண்டனான். விட்டா ஒண்டும் நடக்காது எண்டு என்ரை மனம் சொல்லுது. அந்த மனத்தை முழுக்க நம்பாதையுங்கோ.”

குகதாசன் சிறிது யோசித்தார். “நான் சொன்ன பத்துக்கு ஒண்டும் குறைவுதான். நான் வெட்டினதிலை அநேகம் கட்டிகள். கட்டி இரும்பைப்போலை ஒட்டாது. நானே வெட்டுறவன் எண்டதாலை எனக்கு என்னிலை நம்பிக்கை கூட.”

இப்படி மனம் விட்டுப் பேசும் வைத்தியர்களைத் தேனுகா அதிகம் கண்டதில்லை. அன்று அவர்கள் நெடுநேரம் பேசினார்கள். இரத்தக்குழாயைப் பற்றியும் பேசினார்கள். ஒட்டியிருக்கலாம், ஒட்டாமலும் இருக்கலாம், திறந்து பார்க்குமுன் தெரியாது என்பதில் ஒத்துப்போனார்கள். இரண்டாம் முறை தனித்தனியாகச் சொன்னபோது கணிப்புகள் நெருங்கி வந்திருந்தன. வெட்டினால் பத்துப் பேரில் மூன்று பேருக்குப் பெரிய கெடுதல். மற்ற ஏழு பேரில் அநேகருக்கு நோய் இருந்த இடத்திலேயே நிற்கும், சிலருக்குக் கை கொஞ்சம் தெளியும். விட்டால், இரண்டு மூன்று வருடத்துக்குள் பத்துப் பேரில் ஏழு பேர் படுக்கையில் விழுவார்கள். வெட்டலாம், ஆனால் முடிவு சிவரூபியுடையது என்று நால்வரும் சொன்னார்கள்.

தேனுகா அதைச் சிவரூபிக்கும் ஜனகனுக்கும் சொன்னாள். சொல்வதற்கு முன்னமே ஒன்றைத் தெளிவாக்கினாள். “இது அளந்து எடுத்த கணக்கில்லை. விசயம் தெரிஞ்ச நாலு பேர் யோசிச்சுச் சொன்னது. பிழையாய்ப் போகவும் கூடும்.”

“அந்த மூண்டு பேர் ஆர் எண்டு முதலே தெரியாது, என்ன?” என்று சிவரூபி கேட்டாள்.

“தெரியாது.”

“விளங்குது டொக்டர். செல்லடிக்கு ஒளிச்சு பங்கருக்குள்ளை நாங்கள் ஆறு பேர் இருந்தனாங்கள். அப்பா எனக்குப் பக்கத்திலை. செல் விழுந்தாப் பிறகு மூண்டு பேர் எழும்பினம். ஏன் நான் எழும்பினன், ஏன் அப்பா எழும்பேல்லை எண்டு ஆராலும் சொல்ல ஏலாது. அதைவிட இது நல்ல கணக்கு.” அப்போதும் சிரித்தாள்.

ஜனகன் சிரிக்கவில்லை. அவன் அதிகம் பேசாதவன். அக்கராயன் பக்கம் வயல்வேலைக்குப் போய்வருகிறவன். தொப்பியை முழங்காலில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான்.

“எனக்கு வேண்டாம் டொக்டர்,” என்றான். “பிள்ளைக்கு நான் தலை இழுத்துப் பின்னிவிடுவன். சமைப்பன். இவ கதிரையிலை இருந்தாலே எனக்குக் காணும்.”

“இப்ப சொல்லுவீங்கள்,” என்றாள் சிவரூபி.

“எப்பவும் சொல்லுவன்.”

“என்னைத் தூக்கிக் கொண்டுபோய்க் கழுவவேண்டி வந்தா?”

“கழுவுவன்.”

சிரிப்பு அவளுடைய முகத்திலிருந்து போயிருந்தது. “நீங்கள் செய்வீங்கள் எண்டு எனக்குத் தெரியும். அதுதான் பயமாயிருக்கு,” என்றாள்.

முடிவைச் சொல்ல அவர்கள் இரண்டு கிழமை எடுத்தார்கள். பிறகு சிவரூபி தொலைபேசியில் பேசினாள். குசினிக்குள் விழுந்துவிட்டதாகவும், அடுப்பிலிருந்த சோற்றுப்பானை சரிந்து மகளுக்கு மயிரிழையில் தப்பியதாகவும் சொன்னாள். “வெட்டச் சொல்லுங்கோ டொக்டர். அவரும் ஓமெண்டிட்டார். மனமில்லாமல்தான் சொன்னவர்.” பிறகு, “அம்மாவுக்குக் கணக்கு ஒண்டும் வேண்டாமாம். தில்லைநாதன் ஐயாவும் வெட்டலாம் எண்டு சொன்னவரோ எண்டுமட்டும் கேக்கச் சொன்னவா,” என்றாள்.

“சொன்னவர்,” என்றாள் தேனுகா. அது உண்மை.

சிவரூபியும் ஜனகனும் ரயிலில் கொழும்புக்குப் போனார்கள். சிவலட்சுமி பேர்த்தியோடு வீட்டில் நின்றாள். சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் சிவரூபி தேனுகாவுக்குக் குரல்பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள். கடல் பார்த்தார்களாம். ஜனகன் கால் நனைக்கப் பயந்து தள்ளி நின்றானாம். முல்லைத்தீவுக் கடலைத் தவிர வேறு கடலை அவள் கண்டதில்லையாம். இந்தக் கடலுக்குச் சத்தம் கூடுதலாம். பயமாயிருக்கிறதா என்று கேட்கவேண்டாம், பயம்தான் என்றும் சொல்லியிருந்தாள்.

மறுநாள் பின்னேரம் குகதாசன் தொலைபேசியில் பேசினார். தேனுகா ஆஸ்பத்திரி விடுதியில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவருடைய குரலின் முதல் சொல்லிலேயே விளங்கிவிட்டது.

துண்டின் ஒரு முனை இரத்தக்குழாயோடு ஒட்டியிருந்தது. நரம்பிலிருந்து அதை நோகாமல் பிரித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் நினைத்ததைவிட இலகுவாக வந்தது. குழாயிலிருந்து பிரிக்கும்போது குழாய் கிழிந்தது. இரத்தத்தை நிறுத்தினார்கள். ஆனால் அதற்கிடையில் மூளையின் அடிப்பகுதிக்கு இரத்தம் போகாமல் நின்றுவிட்டது.

“எழும்புவாவோ?” என்று தேனுகா கேட்டாள்.

“நான் நினைக்கேல்லை.” பிறகு சொன்னார். “துண்டு முழுசா வந்திட்டுது, தேனுகா.”

சிவரூபி எழும்பவில்லை. சில நாள் இயந்திரம் அவளுக்காக மூச்சு விட்டது. ஜனகன் பக்கத்தில் நின்று, சோர்ந்துபோன அந்த வலது கையைப் பிடித்துக்கொண்டே இருந்தானாம். பிறகு அந்த மூச்சும் நின்றது. அவளை வான் வண்டியில் ஸ்கந்தபுரத்துக்குக் கொண்டுவந்தார்கள். செத்தவீட்டுக்குத் தேனுகாவால் போக முடியவில்லை. விடுமுறை கிடைக்காமல் இல்லை, போக முடியவில்லை.

ஒரு கிழமை அவள் தன் பிழையைத் தேடினாள். படங்களை மறுபடி பார்த்தாள். யார் என்ன சொன்னார்கள் என்பதை மறுபடி வாசித்தாள். யாரோ எச்சரித்து, தான் அதைக் கேட்காமல் விட்டிருந்தால் நல்லது என்றுகூட நினைத்தாள். அப்படி ஒன்றும் இல்லை. கடைசியில் தில்லைநாதனுக்கு அழைப்பு எடுத்தாள்.

“பிழை எங்கை எண்டு தேடுறன் ஐயா. கிடைக்குதில்லை.”

“கிடைச்சா நித்திரை வரும்,” என்றார் அவர். “மூண்டு எண்டு சொன்னா மூண்டு பேர் இருக்கினம், பிள்ளை. நாங்கள் அதை எழுதேக்கை அது ஒரு இலக்கம். அந்த மூண்டிலை இவ ஒராள்.” பிறகு, “அந்தத் தாய்க்கு என்ன சொன்னனீங்கள்?” என்று கேட்டார்.

“இன்னும் போகேல்லை.”

“நானும் போகேல்லை,” என்றார். அந்தத் தாய் அவரிடம் எடுத்துவந்த நம்பிக்கையை அவர் வேண்டாம் என்று தள்ளியும், அது அவர் கையிலேயே கிடந்தது.

முப்பத்தோராம் நாள் செலவுச் சடங்கு முடிந்த பிறகு ஒரு காலைப்பொழுதில் அவர்கள் இருவரும் ஸ்கந்தபுரத்துக்குப் போனார்கள். மிளகாய்ப் பாத்திகளுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஜனகன் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்து, கதிரைகளைத் துடைத்துப் போட்டான். தேத்தண்ணி கொண்டுவந்தான். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தான். செய்து முடித்ததும், நின்றபடியே சொன்னான்.

“நான் வேண்டாம் எண்டனான், டொக்டர்.”

“ஓம், ஜனகன்.”

“கடைசியிலை நானும் ஓமெண்டிட்டன். ரெண்டு கிழமையா அவ கேட்டவ. இன்னும் ஒருக்கா நான் மாட்டன் எண்டு சொல்லியிருந்தா, அவ விட்டிருப்பா.” மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்திப் பக்கம் போய்விட்டான்.

சிவலட்சுமி வாசல் நிலையோடு சாய்ந்து இருந்தாள். பேர்த்தி நேசறிக்குப் போயிருந்தாள். தில்லைநாதன் அவளுக்கு எதிரே இருந்து, தலையைக் குனிந்துகொண்டார்.

“ஐயாவ நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்,” என்றாள் அவள். “பதினஞ்சு வருசம் குடுத்தீங்க. இவ கல்யாணத்தப் பாத்தேன், புள்ளையப் பாத்தேன்.” பிறகு தேனுகாவின் பக்கம் திரும்பினாள். “டொக்டரம்மா, ஒன்னு கேக்குறேன். மறைக்காமச் சொல்லணும். வெட்டாம விட்டிருந்தா எம்புள்ள இன்னைக்கு இருந்திருப்பாளா?”

தேனுகாவுக்குச் சொல்வதற்குப் பல வசனங்கள் இருந்தன. நோய் கூடிக்கொண்டே போயிருக்கும், படுக்கையில் விழுந்திருப்பாள், புண் வந்திருக்கும், மூச்சு அடைத்திருக்கும். எல்லாம் உண்மையாக இருக்கக்கூடியவை. ஆனால் அந்தத் தாய் கேட்டது இன்றைய நாளைப் பற்றி.

“ஓம் அம்மா,” என்றாள். “இண்டைக்கு இருந்திருப்பா. நடை கொஞ்சம் கொஞ்சமா நிண்டிருக்கும். ஆனா இண்டைக்கு இருந்திருப்பா.”

சிவலட்சுமி அழவில்லை. அந்தப் பதில் தனக்கு முன்னமே தெரியும் என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள். தில்லைநாதன் எழுந்து போய், அவளுக்குப் பக்கத்தில் வெறும் நிலத்தில் உட்கார்ந்தார். வயதானவர், முழங்கால் மடியாமல் சிரமப்பட்டு உட்கார்ந்தார். அப்படியே வெகுநேரம் இருந்தார்கள்.

சில மாதம் கழித்துப் பிரசாந்தன் என்றொருவர் வந்தார். நாற்பது வயது, மூன்றுசக்கர வண்டி ஓட்டுகிறவர். கழுத்தில் செல் துண்டு. வண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை என்றார்.

தேனுகா மறுபடியும் அந்த நால்வரையும் கூட்டினாள். இம்முறை அவர்களிடம் முன்பு இல்லாத ஒன்று இருந்தது. வன்னியில் பட்டு, இப்படி உடம்போடு வளர்ந்த காயத்தைத் திறந்து பார்த்த ஒரு சத்திரசிகிச்சையின் விபரம். அதை எடுத்துப் பேசியபோது ஒருவரும் சிவரூபியின் பெயரைச் சொல்லவில்லை. குகதாசன் முதலில் அனுப்பிய கணிப்பு பத்துக்கு ஆறு. தேனுகாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. யாரையும் இனி அந்தச் சத்திரசிகிச்சை மேசைக்கு அனுப்பக் கூடாது என்று தோன்றியது.

“இவரின்ரை துண்டு குழாயிலை இருந்து தள்ளி நிக்குது, தம்பி,” என்றார் தில்லைநாதன். “அந்தப் பிள்ளையிலை படிச்சதை விடக் கூடாது. ஆனா ஒண்டைப் பாத்திட்டு மூண்டை ஆறாக்கவும் ஏலாது. அது கவலை சொல்லுற கணக்கு.”

“கவலை இல்லாமல் எப்பிடிச் சொல்லுறது ஐயா?” என்று குகதாசன் கேட்டார்.

பேசினார்கள். மறுபடி தனித்தனியாகச் சொன்னார்கள். பத்துக்கு நான்கு என்று வந்தது.

பிரசாந்தன் மேசைக்கு முன்னால் இருந்து பொறுமையாகக் கேட்டார். வெட்டினால் என்ன நடக்கும், விட்டால் என்ன நடக்கும். கணக்கை ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு கேட்டார்.

“என்னை மாதிரி ஆருக்கும் முதல் செய்தவையோ?”

“ஓம். ஒரு பிள்ளைக்கு.”

“அவ இப்ப என்ன மாதிரி இருக்கிறா?”

தேனுகா அவருடைய முகத்தைப் பார்த்தாள். “இல்லை. ஒப்பரேசனோடை செத்துப்போனா. அவவின்ரை துண்டு இரத்தக்குழாயிலை ஒட்டியிருந்தது. உங்கடை துண்டு தள்ளி இருக்கிற மாதிரித்தான் தெரியுது. ஆனா திறந்து பாக்காமல் நிச்சயமாச் சொல்ல ஏலாது.”

அவர் தலையசைத்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். “பிள்ளை குட்டி இருந்ததோ?”

“ஒரு பெண் பிள்ளை.”

“பேர் என்ன அவவுக்கு?”

நோயாளியின் பெயரை இன்னொரு நோயாளிக்குச் சொல்வதில்லை என்பது தேனுகாவுக்குத் தெரியும். சொல்லவில்லை. “ஸ்கந்தபுரத்துப் பிள்ளை,” என்றுமட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு, மேசையிலிருந்த படத்தின் பக்கம் குனிந்துகொண்டாள்.

பிரசாந்தன் அதைக் கவனித்தார். வீட்டில் மனுசியோடு கதைத்துவிட்டு வருவதாகச் சொல்லி எழும்பினார். கதவடியில் நின்று, ஏதோ ஆறுதல் சொல்ல நினைத்தவர்போல் திரும்பிப் பார்த்தார். பிறகு போனார்.

தாதி அடுத்தவரைக் கூப்பிட உள்ளே வந்தாள். தேனுகா இன்னும் குனிந்தபடியே இருப்பதைப் பார்த்ததும், கதவை மெல்லச் சாத்திவிட்டு, ஒருவரையும் உள்ளே விடாமல் அதற்கு முன்னால் வெளியே நின்றுகொண்டாள்.